காணிப்பாக்கம் வரைக்கும் வேண்டாம்

திருப்பதியில் இப்போது பேசச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சும்மா பேசுவதற்கு இல்லை. அடுத்தவர் சொன்னதை அவர் மனம் நோகாமல் மறுப்பதற்கு. பஸ் ஸ்டாண்டை விட்டு எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு கோச்சிங் சென்டர் போர்டு கண்ணில் படும்: குரூப் டிஸ்கஷன், இன்டர்வியூ, பர்சனாலிட்டி டெவலப்மென்ட். என் அண்ணன் பேத்தி அப்படி ஒன்றில் சேர்ந்திருக்கிறாள். அங்கே கொடுத்த தாளை எனக்குக் காட்டினாள். மனப்பாடம் செய்ய வேண்டிய வாக்கியங்கள், எல்லாம் ஆங்கிலம். முதல் வாக்கியத்தின் சாரம்: நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, இருந்தாலும் இன்னொரு கோணமும் உண்டு.

"எதிராளி சொன்னதுல நியாயமே இல்லைன்னா?" என்று கேட்டேன்.

"அப்பவும் இதையேதான் சொல்லணும், சின்னத் தாத்தா."

"அவன் என்ன சொல்றான்னு கேக்க வேணாமா?"

"அதுக்கு மார்க் இல்லை."

சித்தூரில் எங்கள் காலத்தில் இதையெல்லாம் பெரியவர்கள் காசு வாங்காமலே கற்றுக்கொடுத்தார்கள் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் பெரியவர்கள் கற்றுக்கொடுத்தது சத்தம் போட மட்டும்தான். இன்னொன்றும் கற்றுக்கொடுத்தார்கள், அது அவர்களுக்கே தெரிந்திருக்காது.

எழுபதுகளில் காந்தி சிலைக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் சாயபுவின் வாடகை சைக்கிள் கடை இருந்தது. கடை வாசலில் ஒரு நீள பெஞ்சு. தினத்தந்தி, ஆந்திரபிரபா இரண்டும் வரும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எங்கப்பா, வெல்ல மண்டி நாயுடுகாரு, தமிழ் வாத்தியார், இன்னும் இரண்டொரு பேர் வந்து உட்கார்வார்கள். அப்பா ஜவுளிக்கடையில் கணக்கெழுதுபவர். கணக்கைத் தமிழில்தான் எழுதினார். தெலுங்கு பேசுவார், எழுத்து தெரியாது. நாயுடுகாரு தமிழில் சண்டையே போடுவார், படிக்க வராது. ஆகவே தினத்தந்தியில் என்ன வந்திருக்கிறது என்று நாயுடுகாருவுக்குத் தெரிய வேண்டுமென்றால் அப்பா படித்துச் சொல்ல வேண்டும். ஆந்திரபிரபா அப்பாவுக்கு எட்ட வேண்டுமென்றால் நாயுடுகாரு மனம் வைக்க வேண்டும். எதிர்க்கட்சிக்காரன் வாயால்தான் ஒவ்வொருவருக்கும் உலகச் செய்தி.

இதில் நடந்த அக்கிரமங்களைச் சொல்லி முடியாது. படிக்கிறவர் நடுநடுவே தன் சொந்தச் சரக்கைச் சேர்ப்பார். பிடிக்காத பத்தியைத் தாண்டிவிடுவார். "அவ்வளவுதானா போட்டிருக்கான்?" என்று கேட்டால் "அவ்ளோதான், கீழே விளம்பரம்." கடைக்கார சாயபுவுக்கு இரண்டு எழுத்தும் தெரியும்; வீட்டில் பேசுவது உருது. பஞ்சர் ஒட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்பார். யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை. ரொம்பவும் மிஞ்சினால் மட்டும் தலையைத் தூக்கி, "அப்டியா போட்டிருக்கு?" என்பார். படித்துக்கொண்டிருந்தவர் உடனே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த வரியை மறுபடி படிப்பார்.

பெரிய சண்டை எப்போதும் எல்லைச் சண்டைதான். சித்தூர் மாவட்டமே 1911 ஏப்ரல் 1ஆம் தேதி வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் சில தாலுகாக்களை வெட்டி, காளஹஸ்தி, கார்வேட்டிநகரம், புங்கனூர் ஜமீன்களையும் சேர்த்து ஒட்டியது. 1952 டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு மதராஸில் உண்ணாவிரதம் இருந்து உயிர் விட்டார். 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் முழுசாக அங்கே போயிற்று. அந்தப் பக்கம் "மதராஸ் மனதே", அதாவது மதராஸ் நம்முடையதே, என்றார்கள். இந்தப் பக்கம் ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் திருப்பதிவரை வேண்டும் என்றார்கள். தொல்காப்பியப் பாயிரத்திலேயே தமிழுக்கு வட எல்லை வேங்கடம்தானே என்பது அவர்கள் கையிலிருந்த பத்திரம். மத்தியஸ்தர் பட்டாஸ்கர் வந்து பார்த்துச் சொன்னதன்பேரில் திருத்தணி மதராஸுக்கு வந்தது, சத்தியவேடு ஆந்திராவுக்குப் போனது. அமலுக்கு வந்த நாள் 1960 ஏப்ரல் 1. எங்கள் எல்லைகளுக்கும் ஏப்ரல் முதல் தேதிக்கும் ஏதோ ஜாதகப் பொருத்தம்.

பெஞ்சு இதையெல்லாம் பதினைந்து வருஷம் கழித்தும் விடவில்லை. திருப்பதி எங்களுக்கு வந்திருக்க வேண்டும் என்பார் அப்பா. திருத்தணியையும் கொடுத்திருக்கக் கூடாது என்பார் நாயுடுகாரு. "ராதாகிருஷ்ணன் பிறந்த ஊரையா தூக்கிக் கொடுப்பது?" அப்பா உடனே, "திருத்தணியில பிறந்தவர், அப்ப எங்க ஆளு." நாயுடுகாரு விடமாட்டார்: "அவர் ஆந்திரா யுனிவர்சிட்டிக்கு வைஸ் சான்சலரா இருந்தப்ப எங்க ஆளா, உங்க ஆளா?" இங்கே இருவருக்கும் பொதுவாக ஒரு பெருமை வந்து குறுக்கே உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் சி.ஆர். ரெட்டி, எங்கள் ஊர் கட்டமஞ்சிக்காரர். கேம்பிரிட்ஜில் படித்தபோது அங்கே யூனியன் வாதச் சங்கத்தில் துணைத் தலைவராக இருந்தவர். பிரிட்டிஷ் அரசின் அடக்குமுறையைக் கண்டித்து 1930இல் பதவியை உதறினார். 1931 முதல் அந்த நாற்காலியில் ராதாகிருஷ்ணன். 1936இல் மறுபடி ரெட்டியே வந்தார். ஆக, கட்டமஞ்சி ஏரித் தண்ணீர் குடித்தவர்களுக்கு வாதம் பண்ண யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பது பெஞ்சின் ஏகமனதான தீர்மானம். ஏகமனதாக அங்கே நிறைவேறியது அது ஒன்றுதான்.

சண்டைக்கு ஒரு எல்லைக்கல் உண்டு. அது காணிப்பாக்கம். ஊரிலிருந்து சுமார் 11 கிலோமீட்டரில் உள்ள பிள்ளையார் கோயில். குளத்தில் முழுகி எழுந்து, ஈரத் துணியோடு அங்கே சத்தியம் செய்தால் பொய் சொன்னவன் தப்ப முடியாது என்பது நம்பிக்கை. கடன் தகராறு, திருட்டு, பங்காளிச் சண்டை எல்லாம் அங்கே தீர்ந்திருக்கின்றன. எங்கள் பெஞ்சில் யாராவது குரல் தடித்து, "காணிப்பாக்கம் வந்து சொல்றியா?" என்று கேட்டுவிட்டால் அதோடு சரி. கேட்டவர் தோற்றதாகக் கணக்கு. ஏனென்றால் சத்தியத்துக்குக் கூப்பிடுவது, இனி உன் பேச்சை நம்பமாட்டேன் என்று சொல்வது. "காணிப்பாக்கம் வரைக்கும் வேண்டாம்பா" என்று சாயபு எழுந்து வந்து டீ சொல்லுவார். அன்றைக்குப் பேச்சு புளி விலைக்குப் போய்விடும். அந்தக் கோயிலின் தலபுராணத்தைக் கொஞ்சம் கவனியுங்கள்: ஒருவர் ஊமை, ஒருவர் செவிடு, ஒருவர் குருடு, மூன்று சகோதரர்கள் சேர்ந்து கிணறு வெட்டினார்கள், அடியில் பிள்ளையார் கிடைத்தார். குரூப் டிஸ்கஷனுக்கு இதைவிடப் பொருத்தமான குழு அமையுமா?

சாமி விஷயத்தில் சண்டை இன்னும் ருசி. அப்பா திருநீறு, நாயுடுகாரு நாமம். மலைமேல் நிற்பது யார் என்பது கேள்வி. வைணவர் சொல்லும் கதை எல்லாருக்கும் தெரியும்: சிவனா விஷ்ணுவா என்று வழக்கு வந்தது, ராமானுஜர் இரண்டு தெய்வங்களின் ஆயுதங்களையும் சந்நிதியில் வைத்துக் கதவைப் பூட்டச் சொன்னார், விடிந்து பார்த்தால் சங்கும் சக்கரமும் சுவாமி கையில் ஏறியிருந்தன. "சாவி யார் கையில இருந்தது?" என்பார் அப்பா. நாயுடுகாரு துள்ளுவார். ஒரு மார்கழியில் இது நாலைந்து நாள் ஓடியது. அப்பாவுக்கு ஆதரவாகத் தமிழ் வாத்தியார் எங்கிருந்தோ பேயாழ்வாரைக் கொண்டுவந்தார். தாழ்ந்த சடையும் நீண்ட முடியும், மழுவும் சக்கரமும் ஒரே உருவில் பொருந்தியிருப்பதாகத் திருமலை அப்பனைப் பார்த்து ஆழ்வாரே பாடியிருக்கிறாரே என்று. மறுநாள் நாயுடுகாரு வெறுங்கையோடு வரவில்லை. அன்னமய்யாவின் 'எந்த மாத்ரமுன' கீர்த்தனையோடு வந்தார். வைணவர் விஷ்ணு என்கிறார்கள், சைவர் சிவன் என்கிறார்கள், காபாலிகர் பைரவர் என்கிறார்கள், சாக்தர் சக்தி என்கிறார்கள், யார் எவ்வளவு நினைக்கிறார்களோ அவ்வளவு நீ என்று போகிறது அந்தப் பாட்டு.

நாயுடுகாரு அதை முழுக்க விளக்கி முடித்தபோது பெஞ்சில் ஒரு சங்கடம். சைவர் பக்கம் ஆழ்வாரைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறது. வைணவர் பக்கம் சிவனுக்கும் இடம் உண்டு என்று ஒப்புக்கொண்ட பாட்டைத் தன் கையாலேயே தாக்கல் செய்திருக்கிறது. சண்டையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தோற்றால் என்ன செய்வது? அப்பா புளி என்ன விலை என்று கேட்டார்.

இத்தனைக்கும் நாயுடுகாரு திருப்பாவை முப்பதும் மனப்பாடமாகச் சொல்வார், தெலுங்கு எழுத்தில் அச்சிட்ட புத்தகத்தை வைத்துக்கொண்டு. மார்கழியில் மலைமேலேயே சுப்ரபாதத்தை நிறுத்திவிட்டு ஆண்டாள் தமிழைத்தானே சேவிக்கிறார்கள்! அப்பாவின் உச்சரிப்பைத் திருத்தும் அளவுக்கு அதில் அவருக்குத் துணிச்சல்.

வாத்தியாரும் நாயுடுகாருவும் ஒரு முறை மதராஸ் போய், அடையாறு வசந்த விஹாரில் ஜே. கிருஷ்ணமூர்த்தி பேசியதைக் கேட்டுவிட்டு வந்தார்கள். 1895இல் மதனப்பள்ளியில் பிறந்தவர். அவர் பெயரைச் சொல்லும் ரிஷிவேலிப் பள்ளியும் அன்றைக்கு எங்கள் மாவட்டத்தில்தான். நான் சொல்வதை ஏற்கவும் வேண்டாம் மறுக்கவும் வேண்டாம், கூடவே சேர்ந்து பாருங்கள் என்பது அவர் எங்கேயும் சொல்வது. நாயுடுகாரு திரும்பி வந்து அதைப் பெஞ்சில் சொல்லி, "அதை நான் நூத்துக்கு நூறு ஒத்துக்கறேன்" என்றார். வாத்தியார், "நான் ஒத்துக்கலை" என்றார். பஸ்ஸில் ஏறியதிலிருந்து இதுதானாம் நடந்தது.

இவ்வளவு கத்தினார்களே, யாராவது மனம் மாறினார்களா என்று கேட்டால், மாறினார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது யாரும் மாறியதில்லை. அங்கே மாறினால் மானம் போய்விடும். நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்த சமயம் ஒரு நாள் நாயுடுகாரு வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில், "திருத்தணியில யாரு வாயில தெலுங்கு வருது? அந்தச் சனங்க எந்தப் பாஷை பேசுதோ அந்தப் பக்கம் போறதுதானே நியாயம்" என்றார். என்னமோ பிறந்ததிலிருந்தே அவர் கட்சி அதுதான் என்பது போல. பத்து வருஷமாக அப்பா சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம், வார்த்தைகூட மாறவில்லை. அப்பா, "அப்படியா? இருக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு நடக்கும்போது நான் பொங்கினேன். "நைனா, அது நீங்க சொன்னது!"

"தெரியும். அவர்கிட்ட சொல்லித் தொலைச்சிடாதே. சொன்னா பழைய இடத்துக்கே திரும்பிப் போய் உட்கார்ந்துக்குவார்."

அப்பா தன் பங்குக்கு எதை எதை எடுத்துக்கொண்டார் என்பதையும் நான் கவனிக்க ஆரம்பித்தேன். திருப்பதி ஆந்திராவோடு இருப்பதே சரி, மலைக்கு வரும் கூட்டத்துக்கு ஒரே நிர்வாகம் வேண்டும், நடுவில் எல்லைக்கோடு ஓடினால் ரேணிகுண்டாவில் இறங்குகிறவன் என்ன செய்வான் என்பதெல்லாம் நாயுடுகாரு வாதம். எண்பதுகளில் அப்பா அதை உறவுக்காரர்களிடம் சொந்தக் கண்டுபிடிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாயுடுகாரு பக்கத்தில் இருந்தபோதும் ஒரு தடவை சொன்னார். நாயுடுகாரு மூக்குப்பொடி டப்பாவைத் தட்டித் திறந்து, ரொம்ப சிரத்தையாக அதற்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாகரிகமான மறுப்பு என்று தாளில் அச்சடித்துக் கொடுப்பதில் இது இல்லை. எதிராளியை எப்படிப் புண்படுத்தாமல் மறுப்பது என்று அதில் இருக்கிறது. அவன் மனம் மாறி வரும்போது எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வது என்று இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு அந்தக் காலம் பொற்காலம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். எங்கள் வீட்டில் திருத்தணியில் பிறந்தவர் ஒரே ஒருவர், அப்பாவைப் பெற்ற பாட்டி. அவர் பிறந்தபோது அந்த ஊர் வட ஆற்காடு. குழந்தையாக இருந்தபோது சித்தூர் மாவட்டம் ஆயிற்று, பிறகு ஆந்திரா, பிறகு மதராஸ் ராஜ்யத்தின் செங்கல்பட்டு மாவட்டம், கடைசியில் தமிழ்நாடு. பிறந்த ஊர் இத்தனை தரம் வீடு மாறியும் பாட்டியிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. பட்டாஸ்கரை விடுங்கள், பெஞ்சும் கேட்டதில்லை. அப்பா வீட்டில் எல்லைப் பேச்சை எடுத்தால் பாட்டி அடுக்களையிலிருந்து பூனையிடம் பதில் சொல்லுவார்: "சில பேருக்குத் திருத்தணி மலைக்குப் படி எத்தனைன்னுகூடத் தெரியாது, ஊரைப் பத்திப் பேச வந்துட்டாங்க." பூனை ஒன்றும் சொல்லாது. அப்பாவும் ஒன்றும் சொல்லமாட்டார். இன்றைக்கு என் அண்ணன் பேத்தி நேருக்கு நேர் நின்று, "இல்லை சின்னத் தாத்தா, தப்பு" என்கிறாள். அந்தக் கோச்சிங் சென்டருக்குக் கட்டிய பணம் இதற்காகவே தகும்.

மண்டியில் மூட்டை தூக்குகிற ஒருவர் பெஞ்சுக்கு எதிரே, சாக்கடை ஓரமாக நின்று டீ குடிப்பார். பக்கத்து டீக்கடையில் அவர் கிளாஸ் தனியாக வெளிச்சட்டத்தில் இருக்கும். எல்லா வாதத்தையும் கேட்டவர். சிரிக்க வேண்டிய இடத்தில் எங்களுக்கு முன்னால் சிரித்தவர். 1983 ஏப்ரலில் என்.டி.ஆரும் எம்.ஜி.ஆரும் தெலுங்கு கங்கை ஒப்பந்தம் போட்டார்கள், மதராஸுக்கு 15 டி.எம்.சி. கிருஷ்ணா தண்ணீர் என்று. பெஞ்சில் கட்சி தலைகீழாயிற்று. என்.டி.ஆர். பக்தரான நாயுடுகாரு கொடுக்கலாம் என்றார். அப்பா, தமிழராயிருந்தும், "நம்ம கிணறே வத்திக் கெடக்கு, மதராஸுக்கு என்ன கேடு?" என்றார். அப்போது அந்த மனிதர் முதல் தடவையாக வாயைத் திறந்தார்: "எங்க பேட்டைக்கு எப்பங்க வரும்?"

பெஞ்சு அவரைப் பார்த்துப் புன்னகை செய்தது. ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. பேச்சு புளி விலைக்குப் போயிற்று. மறுத்துப் பேசும் மரியாதைகூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1996இல் அந்தத் தண்ணீர் தமிழ்நாட்டு எல்லையைத் தொட்டதாகச் செய்தி வந்தபோது, அவரைத் தவிர, பெஞ்சிலிருந்த யாரும் எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை.

இப்போது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரையும் யாரும் ஒதுக்குவதில்லை; பெண்கள், பிள்ளைகள், அமெரிக்காவில் இருப்பவர்கள் எல்லாரும் சமமாக உட்கார்ந்திருக்கிறார்கள். இதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் மனம் மாற வழியில்லை. மாநிலம் இரண்டாகப் பிரிந்த 2014இல் என் சித்தப்பா பிள்ளை ஒருவர் எழுதியதை இன்னொருவர் பத்திரமாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்து, எட்டு வருஷம் கழித்துப் போட்டார். "அன்னிக்கு என்ன சொன்னே, இன்னிக்கு என்ன சொல்றே?" அந்த மனிதர் நிஜமாகவே நல்ல பக்கமாக நகர்ந்து வந்துகொண்டிருந்தார். பழைய படத்தைப் பார்த்ததும் விறுவிறுவென்று திரும்பிப் போய் 2014லேயே உட்கார்ந்துகொண்டார். இன்னும் எழுந்திருக்கவில்லை. அப்பாவின் பெஞ்சில் ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடிந்திருந்தால் நாயுடுகாரு சாகும்வரை திருத்தணியைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்.

அந்த ஸ்கிரீன்ஷாட்டை வெளியே எடுக்க வைத்தது 2022. ஏப்ரல் 4ஆம் தேதி மாவட்டங்களைப் பிரித்தார்கள். ஏப்ரல் முதல் தேதிக்கு மூன்று நாள் தள்ளி, கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு. திருப்பதி தனி மாவட்டம் ஆயிற்று. மதனப்பள்ளியும் ரிஷிவேலியும் அன்னமய்யா மாவட்டத்துக்குப் போயின. தமிழர்களும் தெலுங்கர்களும் அவ்வளவு மல்லுக்கட்டிய திருப்பதி கடைசியில் சித்தூருக்கே இல்லை.

அந்த வருஷம் நாயுடுகாருவின் பேரனைச் சித்தூரில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். மண்டியை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை. மாவட்டப் பிரிவினை பற்றிக் கொதித்துக்கொண்டிருந்தான்.

"எப்படி அங்கிள் பிரிக்கலாம்? அந்த மலை நம்ம மலை. எந்தக் காலத்துப் புஸ்தகத்துலயோ நம்ம எல்லைன்னு எழுதி வச்சிருக்கான். ஆபீசர் வந்து கோடு போட்டா மாறிடுமா?"

வேங்கடம், பழைய புத்தகம், கோடு போடும் ஆபீசர். வார்த்தைக்கு வார்த்தை அப்பா. "யாரு சொன்னது இது?" என்று கேட்டேன்.

"எங்க தாத்தா அடிக்கடி சொல்லுவாரு."

"எந்தப் புஸ்தகம்னு சொல்லியிருக்காரா?"

"தெலுங்கு புஸ்தகம்தான் எதுவோ. உங்க நைனா என்ன சொல்வாரு இதுக்கு?"

"திருப்பதி தனியா இருக்கறதுதான் நல்லதுன்னுவார். அவ்வளவு கூட்டத்துக்குத் தனி நிர்வாகம் வேணும், ரேணிகுண்டாவில இறங்கறவன் என்ன பண்ணுவான்னு..."

"முதலியாரா? அவரா அப்படிச் சொன்னாரு?" இடது கையால் போனை எடுத்து என் இலைப் பக்கம் நீட்டினான். "திரும்பச் சொல்லுங்க அங்கிள், ரெக்கார்ட் பண்ணிக்கறேன். எங்க அப்பாவுக்கு அனுப்பணும்."

"முதல்ல அதை அணை, சொல்றேன்."

அவன் அணைக்கவில்லை. ரசம் வந்தது. புளி என்ன விலை விற்கிறது மண்டியில் என்று கேட்டேன்.